அக்கா நெற்றியில் வைத்த சிவப்பு

எனக்கு வயது அறுபத்தெட்டு. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. பிளீச்சிங் பவுடரை ஈரத்துணியில் கொட்டி மூக்கில் வைத்து அழுத்தினால் எப்படி இருக்கும், அந்த வாசனையில்தான் என் சின்ன வயசு முடிந்துபோனது. அதை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. இப்போது எழுத வைத்தது என் பேத்தி ஜெனியின் செல்போன் ஆட்டம்.

அந்த ஆட்டத்தில் அவள் ஒரு ஆஸ்பத்திரி நடத்துகிறாள். கட்டில் வாங்குகிறாள், டாக்டரை வேலைக்கு வைக்கிறாள், எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று சங்கு ஊதும். பஸ் கவிழ்ந்தது என்றோ கம்பெனியில் தீ என்றோ எழுத்து ஓடும், வண்டி வண்டியாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். போன வாரம் ஊதியபோது விஷக்காற்று என்று வந்தது. இறங்கிய சில பேருடைய தலைக்கு மேல் சிவப்பாக ஒரு பொட்டு எரிந்தது. நான் என்னை அறியாமல் கையை நீட்டி, முந்தானையால் அந்தக் கண்ணாடியைத் துடைத்தேன்.

"ஆயா, பேஜார் பண்ணாத. சிவப்பு இருக்கறவங்கள மொதல்ல உள்ள வுடணும், இல்லாட்டி பூடுவாங்க" என்றாள் ஜெனி. அப்புறம் சிரித்துக்கொண்டே, "உங்கையில ஆஸ்பத்திரியக் குடுத்தா அவ்ளோதான், ஒருத்தரும் பொழைக்க மாட்டாங்க" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயசு, பிலோமி அக்காவுக்குப் பதினாலு. திருவொற்றியூருக்கு வடக்கே, ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவில் எங்கள் வீடு. விடிந்ததும் ரெண்டு பேரும் அடி பம்புக்குத் தண்ணி பிடிக்கப் போவோம். அன்றைக்குக் காக்கா சத்தமே இல்லை. மேற்கே கம்பெனிப் பக்கமிருந்து மஞ்சளாக ஒன்று தரையோடு தரையாக ஊர்ந்து வந்தது. பனி என்றுதான் நினைத்தோம். வரிசையில் நின்ற ஒருத்தி "தொண்டை எரியுதுடி" என்று சொல்லி முடிப்பதற்குள் எல்லாருக்கும் எரிந்தது. அக்கா தன் தாவணியை உருவிக் குடத்தில் முக்கி என் மூஞ்சியைச் சுற்றிக் கட்டினாள். அவளுக்கென்று ஒன்றும் இல்லை. அப்படியே என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

நைனா கடலுக்குப் போயிருந்தார். அம்மாதான் எங்கள் ரெண்டு பேரையும் ரிக்‌ஷாவில் போட்டு தர்மாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். தாழ்வாரம் முழுக்க ஜனம், எல்லாருக்கும் இருமல். வெள்ளைப் புடவை நர்சம்மா ஒருத்தர் ஒவ்வொருத்தராகப் பார்த்துக்கொண்டே வந்து, சில பேர் நெற்றியில் மட்டும் பஞ்சால் சிவப்பு மருந்தைத் தொட்டு வைத்தார். அக்காவுக்கு வைத்தார், எனக்கு வைக்கவில்லை. எதற்கென்று கேட்கவும் நேரமில்லை, சொல்லவும் அவருக்கு நேரமில்லை.

அதற்கு நாலு நாள் முன்னால்தான் பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு மாதா கோயில் சாமியார் வந்து "அவஸ்தை பூசினார்". நெற்றியில் எண்ணெய்ச் சிலுவை வைத்தால் இனி மருந்து இல்லை, ஜெபம்தான் என்பது எங்கள் வீடுகளில் பிள்ளைக்கும் தெரியும். மறுநாளே தாத்தாவுக்குச் சவப்பெட்டி வந்துவிட்டது. அக்கா நெற்றியைப் பார்த்ததும் அம்மா என் பக்கம் திரும்பினாள். "கைவுட்டாங்கடி இவள. எம்பொண்ணுக்கு இன்னாத்துக்கு இப்பவே? தொடச்சுடு" என்றாள். அவளுக்குத் தொடப் பயம். நான்தான் துடைத்தேன், என் மூஞ்சியில் கட்டியிருந்த அக்காவின் அதே ஈரத் தாவணியால், கறை தெரியாமல், நன்றாக அழுத்தி. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச மூச்சு இல்லை.

வாசலில் நின்ற ஆள் சிவப்பு வைத்தவர்களை மட்டும் உள்ளே விட்டுக்கொண்டே இருந்தான். எங்கள் மேல் வெயில் ஏறியது. மத்தியானம் திரும்பி வந்த நர்சம்மா, "இந்தப் பொண்ணுக்கு வெச்சனே, யாரு அழிச்சது?" என்றார். அம்மா தரையைப் பார்த்தாள். நான் தாவணியைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகுதான் அக்காவை உள்ளே எடுத்துப் போனார்கள். பிழைத்தாள். ஆனால் அதற்கப்புறம் ஒரு மாடி ஏற அவளால் முடிந்ததில்லை. கல்யாணம் ஆகி, ரெண்டாவது பெற்று மூணு மாசத்தில் இளைப்பிலேயே போய்விட்டாள். அவளுடைய ரெண்டையும் என் நாலோடு சேர்த்து வளர்த்தேன். கோயில் வாசலில் "தங்கச்சின்னா இவள மாரி இருக்கணும்" என்று சொல்லாத ஆள் இல்லை. தலையை நிமிர்த்தித்தான் கேட்டுக்கொண்டேன். முன்னாலேயே உள்ளே போயிருந்தால் அவள் நெஞ்சு தேறியிருக்குமா என்று இத்தனை வருஷத்தில் எந்த டாக்டரையும் நான் கேட்டதில்லை.

அந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை, அந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. அடி பம்பு இல்லை, ரிக்‌ஷா இல்லை, அம்மா இல்லை. அந்த வாசனை மட்டும் காற்று திரும்பினால் மேற்கே மணலி கம்பெனிகள் பக்கமிருந்து இன்னும் லேசாக வருகிறது. இன்றைக்குக் காலையிலும் வந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஜெனி, உங்கப்பனைப் பெற்றவள்தான் பிலோமி. ஆட்டத்தை நிறுத்திவிட்டு இந்த நோட்டை எடு. எழுத்து கோணலாகத்தான் இருக்கும். முதலிலிருந்து எனக்குக் கேட்கிற மாதிரி படி. நான் துடைத்தேன் என்கிற இடத்தைப் படிக்காமல் தாண்டிப் போகாதே.