சூடு அடங்கட்டும், செல்லம்மா

காதர் பாய் போய்விட்டார் என்று அவர் மருமகன் ஓடி வந்து சொன்னபோது, அவருடைய பாலக்கரை பாட்டரிக் கடையின் பின்பக்கம் நான் தண்ணீர் வடித்துக்கொண்டிருந்தேன். கொதித்த ஆவி குழாயில் போய்க் குளிர்ந்து சொட்டும். அந்தத் தண்ணீர்தான் பாட்டரிக்கு. அடுப்பை அணைத்தேனா என்பதுகூட நினைவில்லை. முகம் பார்த்துவிட்டு வந்தேன். அன்று முதல் உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

பாயிடம் பாட்டரியைக் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் காத்திருந்த டிரைவர்களே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மூன்றாவதுக்கு மேல் நான் படிக்கவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரீரங்கத்திலிருந்து கார் கொண்டுவரும் ஐயங்காரை உங்களில் சிலருக்குத் தெரியும். ஒரு தடவை பாட்டரிக்குள் காவிரித் தண்ணீரை ஊற்றிக் கெடுத்துக்கொண்டு வந்தார்.

"பெருமாள் திருமஞ்சனத்துக்கே காவேரித் தீர்த்தம்தான் பாய். உம்ம பாட்டரிக்கு ஆகாதோ?"

"பெருமாள் ஏத்துக்குவாருங்க சாமி, அவருக்குப் பொறுமை ஜாஸ்தி. பாட்டரிக்கு அது இல்லீங்களே!"

ஐயங்கார் பெஞ்சு அதிரச் சிரித்தார்.

அவர் போன பிறகு, "நாம குடிக்கிற தண்ணிதானே பாய்?" என்று கேட்டேன்.

"தண்ணியில கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு பொடிக்கும் ரெண்டு முனை இருக்கு செல்லம்மா, பாட்டரி மாதிரியே. ஒரு பக்கம் பிளஸ், ஒரு பக்கம் மைனஸ். படிச்சவங்க மூலக்கூறுன்னு சொல்றாங்க. அதான் வழியில பாக்குற உப்பையெல்லாம் இழுத்துக் கூட்டியாந்துருது. அந்த உப்புதான் பாட்டரியைக் கெடுக்குது. எண்ணெய்க்கு அந்த முனை கிடையாது. தண்ணியோட சேராது."

ஆசிட்டை மட்டும் என்னிடம் தரமாட்டார். பீங்கான் ஜாடியில் முதலில் தண்ணீர், அதில் ஆசிட், கொஞ்சம் கொஞ்சமாக. "மாத்தி ஊத்துனா மூஞ்சியில பொங்கிரும்" என்பார். தண்ணீரில் விழுந்ததும் ஆசிட் உடைகிறது, உடைந்த துண்டுகள்தான் கரண்ட்டைச் சுமக்கின்றன, சூடும் அப்போதுதான் கிளம்புகிறது என்பார். ஜாடியைத் தொட்டுப் பார்த்து, "சூடு அடங்கட்டும், செல்லம்மா. அப்புறம் அடுத்தது." எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்த மனிதர், அந்த ஜாடியின் முன்னால் மட்டும் நிற்பார்.

போன வாரம் பாயின் வீட்டம்மா கடைக்கு வந்தார்.

"ஆசிட் கலக்க ஆளில்லையே. பூட்டிரலாமா?"

அவர் வீட்டிலும் என் வீட்டிலும் அடுப்பெரிவது இந்தக் கடையால்தான்.

"நான் கலக்குறேன்க்கா."

பெஞ்சிலிருந்த பஸ் டிரைவர் ராமையா அண்ணன், "என்னம்மா, சாம்பாரா கலக்கப் போற?" என்றார்.

"சாம்பாரா இருந்தா முதல்ல உங்களுக்கில்ல ஊத்தியிருப்பேன்!"

வாய்தான் பேசியது. ஜாடியில் தண்ணீரை ஊற்றிவிட்டு ஆசிட்டை எடுத்தேன். முதல் தடவை ஊற்றியதுமே ஜாடி சுட்டது. மிச்சத்தையும் கொட்டிவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடவில்லை. ஜாடியில் கை வைத்தபடி நின்றேன். அடங்கிய பிறகுதான் அடுத்தது. மறுநாள் அந்த ஆசிட் ஊற்றிய பாட்டரியோடு ராமையா அண்ணன் பஸ் முக்கொம்பு போய்த் திரும்பியது. திரும்பும்போது கடை வாசலில் ஹார்ன் அடித்துவிட்டுப் போனார்.

பாயிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அப்படி நிற்பது ஒன்றைத்தான். கடை திறந்திருக்கிறது, வாருங்கள். எனக்குள் சூடு இன்னும் அடங்கவில்லை. தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.