அக்கா பெயர் சொல்லாத பெண்

எங்கள் அக்கா இல்லாமல் ஓர் ஆண்டு ஓடிவிட்டது. உங்களில் பலர் அவரை மருத்துவமனை உளவியலாளராக அறிவீர்கள். ஆற்றங்கரைப் பிள்ளைகளுக்கும் அவர் அக்காதான்.

மயிலாப்பூரில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே போய்விட, டியூஷன் எடுத்துத் தானும் படித்து, என்னையும் படிக்க வைத்தார். வேலைக்குச் சேர்ந்தபின் ஒரு விஷயம் அவரை உறுத்தியது. அடையாற்றங்கரைக் குடியிருப்பிலிருந்து வரும் இளம்பிள்ளைகள் ஒருமுறை வந்தால் மறுமுறை வருவதில்லை. “இங்க வந்தா மெண்டல்னு பட்டம் கட்டிடுவாங்கக்கா” என்றானாம் ஒருவன். அதன்பின் சனிக்கிழமைதோறும் அக்காவே அங்கே போனார். பலகை எதுவும் மாட்டவில்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து கேரம் ஆடினார். பேச்சு தானாக வந்தது.

பிறகு அந்த வீடுகளை இடித்து, குடும்பங்களை ஊருக்கு வெளியே அனுப்பினார்கள். பேருந்து மாறி மாறி அக்கா அங்கேயும் போனார், புற்றுநோய் அவரைப் படுக்கையில் தள்ளும்வரை.

கடைசி நாட்களில் கதவு தட்டும் சத்தம் கேட்டாலே, “அந்தப் பொண்ணாடா?” என்பார். ஆற்றங்கரைப் பிள்ளைகளில் ஒருவர்; தாயை இழந்து, படிப்பை விட்டு, வாழவே பிடிக்காமல் இருந்த பெண். வீடு மாறியபின் தகவலே இல்லை. அக்காவோடு பணிபுரிந்தவர்கள் பழைய எண்ணில் அழைத்தார்கள், யாரும் எடுக்கவில்லை.

“பேரைச் சொல்லுக்கா, நான் போய்த் தேடிட்டு வரேன்.”

“என்னை நம்பிச் சொன்னவடா அவ. நீ போய் விசாரிச்சா அக்கம்பக்கம் எல்லாருக்கும் தெரிஞ்சிடும். வேணாம்.”

அக்காவின் காரியத்தன்று ஒரு பெண் வாசலில் தயங்கி நின்றார். யாரென்று கேட்டேன்.

“சனிக்கிழமை அக்காகிட்ட பேசுவேண்ணா. போன் தொலைஞ்சு போச்சு, நம்பர் இல்ல. காலேஜ்ல சேந்துட்டுத்தான் அவங்க மூஞ்சியப் பாக்கணும்னு இருந்தேன். இப்பத்தான் சீட்டு கெடச்சுது. சொல்லலாம்னு ஆஸ்பத்திரிக்குப் போனாத்தான் விஷயமே தெரிஞ்சுது. இப்படி முடியாம கீறாங்கன்னு ஒருத்தரும் சொல்லலியேண்ணா...”

உள்ளே அழைத்துச் சென்றேன். அக்காவின் படத்துக்குப் பூ வைத்து, “சேந்துட்டேங்கா” என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வேளை தவறாமல் கஞ்சி கொடுத்தனுப்பிய மாடி வீட்டு மாமிக்கும், சிகிச்சைக்கு அழைத்துப் போய் வந்த ஆட்டோ அண்ணனுக்கும், சனிக்கிழமைகளை இன்றும் விடாமல் நடத்தும் தோழியர்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஒரு குறையும் இல்லாமல் கவனித்துக்கொண்டீர்கள். அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்த அந்த ஒரு செய்தியை மட்டும்தான் நம் யாராலும் கொண்டுவந்து சேர்க்க முடியவில்லை.