பிளேடால் சுரண்டிய ரோடு

காலை பத்து மணி இருபது நிமிடத்துக்குத் தொலைபேசி அடித்தது. சேத்தியாத்தோப்பிலிருந்து என் மகளின் தோழி பேசினாள். "ஆன்ட்டி, அவ இன்னும் கிளம்பலையா?"

மகள் ஆறு மணிக்கே சைக்கிளில் கிளம்பியிருந்தாள். என் கணக்குப்படி எட்டரைக்குப் போய்ச் சேர்ந்து, இட்லி சாப்பிட்டு, ஒன்பதுக்குள் எனக்கு போன் செய்திருக்க வேண்டும். ஒன்பதிலிருந்து பத்து இருபது வரை நான் பதறவே இல்லை என்று சொன்னால், பெற்ற தாயா இவள் என்று தோன்றும். எனக்கும் இப்போது அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் அவள் கையில் நான் வரைந்த மேப் இருந்தது. மகள் வழி தவறலாம், நான் போட்ட கோடு தவறாது என்பது அன்று காலை வரை என் எண்ணம்.

நான் சுரங்கத்தின் வரைபட அலுவலகத்தில் டிரேசர். பொறியாளர்கள் பென்சிலால் கிறுக்கித் தருவதன் மேல் டிரேசிங் தாளை விரித்து, மையால் அழகாகப் படியெடுப்பது வேலை. பதினெட்டு வருடமாக இதையே செய்கிறேன். கோடு போடுவதில் என்னைக் குறை சொன்ன ஆள் கிடையாது. அந்தக் கோடு எதைக் குறிக்கிறது என்று என்னை யாரும் கேட்டதும் கிடையாது.

சுரங்க ஊழியர்களுக்காகக் கட்டிய நகரியத்தில் எங்கள் வீடு. பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு மகள் தொடங்கினாள். "ரவுண்டானாவுக்கு ரவுண்டானா சுத்திச் சுத்தித் தலை சுத்துதும்மா. எந்த பிளாக்குக்குப் போனாலும் அதே வீடு, அதே மரம். கியர் சைக்கிள் வாங்கிக் குடுத்தியே, எதுக்கு? ஷோகேஸ்ல வைக்கவா?" தோழி வீட்டுக்குச் சைக்கிளில் போய், வெள்ளாற்றைப் பார்த்துவிட்டு மறுநாள் திரும்ப வேண்டும் என்பது அவள் திட்டம்.

வடலூர் வழியாக நல்ல தார் ரோடு இருக்கிறது. ஆனால் அதில் பஸ் ஓடுகிறது. முன்னால் போகிற பஸ்ஸை முந்தாவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது என்பது போல ஓட்டுகிறார்கள். அந்த ரோடு கூடாது என்றேன். அப்போதுதான் எனக்கு ஒரு பழைய கப்பி ரோடு நினைவுக்கு வந்தது. கல்யாணமான புதிதில் கணவர் என்னை ஸ்கூட்டரில் உட்கார வைத்து அதில் அழைத்துப் போயிருக்கிறார். முந்திரிக் காட்டுக்குள் நுழைந்து, ஏரிக்கரை மேல் ஏறி, வாய்க்காலை ஒட்டியே போய், நெல்வயல்களுக்கு நடுவில் வெள்ளாற்றங்கரையில் கொண்டு விடும். வழியெல்லாம் சக்கரத்துக்கு அடியில் கல் நொறுங்குகிற சத்தம். எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தாலே பெரிய விஷயம்.

உடனே தாளை எடுத்து வரைந்தேன். அளவுகோல் உண்டு, வடக்கு அம்பு உண்டு. முந்திரிக்கு வட்டங்கள், நெல்லுக்குச் சிறு கொத்துகள், ஆற்றுக்கு நீல மை. வலது மூலையில் கட்டம் கட்டிக் குறிப்புகள் எழுதினேன். யாரிடமும் வழி கேட்காதே. யார் வீட்டிலும் தண்ணீர் குடிக்காதே. பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லாமல் நகர்ந்துவிடு. நகரியத்தில் யாரும் யாரிடமும் வழி கேட்பதில்லை. பிளாக் எண்ணும் வீட்டு எண்ணும் இருந்தால் நேராகப் போய்க் கதவைத் தட்டலாம். உலகமே அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது என்ற நினைப்பில் பிள்ளை வளர்க்கிறோம். தண்ணீர் விஷயம் டைபாய்டு பயத்தில் எழுதியது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என் கணவர் அனல்மின் நிலையத்தில் வேலை செய்பவர். மேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ரூவல் கையெழுத்து யாரு போடணும்?"

"நீங்கதான்."

"நான் போடல. பேசாம பஸ்ஸுல அனுப்பு."

நான் கேட்கவில்லை.

போனை வைத்ததும் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அங்கே இருப்பவர் சுரங்கத்தில் மேல்மண் வெட்டும் ராட்சத இயந்திரத்தின் ஆபரேட்டர். அன்று ஞாயிறு, அவருக்கு விடுமுறை. நகல் எடுக்காமல் எந்தப் படமும் என் கையை விட்டுப் போகாது என்பதால், மேப்பின் நகலைக் காட்டினேன். மனிதர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏரிக்கரை வரை விரலை ஓட்டினார். விரல் நின்றது.

"மேடம், இது எந்த வருஷத்து ரோடு?"

"ஏன்?"

"இந்தப் பக்கம் பாதி ரோடு இப்ப இல்லைங்க. நான்தான் வெட்டினேன். முதல்ல வெட்டின மண்ணைக் கொட்டின மேடு, அதுக்கு அந்தப் பக்கம் பள்ளம்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்தார். "இதுக்கு டிராயிங் உங்க ஆபீஸ்ல இருந்துதானே வந்துச்சு?"

ஆமாம். என் மேசையிலிருந்துதான் போனது. டிரேசிங் தாளில் காய்ந்த மையை அழிக்க ரப்பர் உதவாது. சவர பிளேடால் தாள் கிழியாமல் மெல்லச் சுரண்டி எடுக்க வேண்டும். சுரங்க எல்லையை நகர்த்திய அந்தப் படத்தில், அந்தக் கப்பி ரோட்டை ஓர் உச்சிப்பொழுதில் நானே சுரண்டி எடுத்தேன். தூசியை வாயால் ஊதித் தள்ளினேன். சுரண்டிய தடமே தெரியவில்லை என்று மேலதிகாரி பாராட்டினார். டீ வாங்கித் தந்தார். அதே கையால் வீட்டில் உட்கார்ந்து அதே ரோட்டை மகளுக்கு வரைந்து கொடுத்திருக்கிறேன். ஆபீசில் அழித்தது தாளில் இருக்கும் கோடு என்றும், ஸ்கூட்டரில் போன ரோடு அங்கேயே எனக்காகக் காத்திருக்கும் என்றும் நினைத்தேனோ என்னவோ.

தேடிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஆபரேட்டர் எழுந்தார். "நானும் வரேன்" என்றேன். "நீங்க போன் பக்கத்துல இருங்க" என்று சொல்லிவிட்டு, அவர் பைக்கை எடுத்துக்கொண்டு போனார். அவர் மனைவி எனக்கு ஆறுதல் சொல்ல வந்தாள். என் வீட்டுப் பாலில் எனக்கே காபி போட்டுக் கொடுத்து, எதிரில் உட்கார்ந்து, கிணற்றில் விழுந்த ஒரு பெண், பாம்பு கடித்த ஒரு பெண், காணாமலே போன ஒரு பெண் என்று வரிசையாகச் சொன்னாள். ஒவ்வொன்றின் முடிவிலும், "உங்க பொண்ணுக்கு அப்படியெல்லாம் ஆகாதுக்கா" என்றாள்.

ஆபரேட்டர் ஒரு மணிக்குத் திரும்பி வந்தார். மேட்டுக்கு இந்தப் பக்கம் சைக்கிள் தடம் தெரிகிறது, அதற்கப்புறம் சரளையில் ஒன்றும் தெரியவில்லை, பள்ளத்தின் விளிம்பு வரை பார்த்துவிட்டேன் என்றார். 'விளிம்பு' என்ற சொல்லை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

இரண்டரைக்குக் கணவர் ஷிப்ட் முடிந்து வந்தார். நடந்ததைக் கேட்டார். கத்துவார் என்று பார்த்தேன். நகலைக் கையில் எடுத்து, "வடக்கு மட்டும் சரியாத்தான் இருக்கு" என்றார். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகச் சட்டையைக்கூட மாற்றாமல் செருப்பை மாட்டினார்.

அப்போது கேட் திறந்தது.

முன்னால் மகள். முகம் காய்ந்து, உதடு வெடித்து, முழங்கால் வரை செம்மண். சைக்கிள் இல்லை. பின்னால் ஒரு பெண். எங்கேயோ பார்த்த முகம். புடவைக்கு மேல் போடும் நீலச் சட்டை இல்லாமல் வந்திருந்ததால் எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் தெருவைக் கூட்டும் கான்ட்ராக்ட் பெண். தினமும் காலையில் என் கேட்டுக்கு வெளியே குனிந்திருப்பவள். அவள் எந்த ஊர் என்று நான் கேட்டதில்லை. என் மேப்பில் குறிக்காமல் விட்ட ஊர் என்று அன்றுதான் தெரிந்தது.

"ஏம்மா, ஒங்க பொண்ணுதான இது? மண்ணு மேட்டாண்ட பஞ்சர் ஆன சைக்கிள தள்ளிகினு நின்னுகினு இருந்துது. எங்காளுங்க ஊருக்கு இட்டாந்துட்டாங்க. யாரு, எவுருன்னு எங்க ஊரே கேக்குது, வாயத் தொறக்கல. ஊமைப் புள்ள போலன்னு எங்க நாத்தனா அழுதே பூட்டா. நான் ஆடு ஓட்டிகினு வந்து பாத்தாதான் தெரியுது, நம்ம பதினாறாம் பிளாக் புள்ளையாச்சேன்னு. சைக்கிளு எங்க ஊட்டு வாசல்ல கெடக்குது. மத்தியான பஸ்ஸுலதான் இட்டார முடிஞ்சுது."

"வீட்டை எப்படிக் கண்டுபிடிச்சே?" என்றேன் அந்தப் பெண்ணிடம். மகளைக் கட்டிக்கொண்டு, வேறு எதுவும் கேட்கத் தோன்றாமல் கேட்ட கேள்வி.

"நாலு வருசமா ஒங்க வாசலத்தான கூட்டறேன்? எனுக்கு எதுக்கு மேப்பு?"

மகள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "நீ எழுதினபடியேதான்மா இருந்தேன்" என்றாள். "எவ்வளவு தாகம் எடுத்தும் குடிக்கல."

ஓடிப்போய் டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்தேன். ஒரே மூச்சில் குடித்தாள். இன்னொன்று கொண்டு வந்தேன். அதையும் குடித்தாள். அந்தப் பெண் கேட்டைப் பிடித்தபடி நின்று, இரண்டு டம்ளரும் காலியாகும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"எங்க ஊட்டுத் தண்ணி வாணான்னு தலையாட்டிடுச்சி ஒங்க பொண்ணு. பரவால்ல வுடுங்க. ஒங்க ஊட்டுத் தண்ணிய நான் குடிப்பேன், ஒரு சொம்பு குடுங்க."