மந்திரி கடித்த மிளகாய்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது ஆறு, வளர்த்தது எட்டு. தங்கை விட்டுப்போன இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், மெதுவாகத்தான் வரும்.

அன்னாசிப்பழம் டின்னில் அடைக்கும் தொழிற்சாலையில் நான் சமையல்காரி. முதலாளி மலாய்க்காரர். எதையும் வாயில் போட்டுப் பார்க்காமல் நம்பமாட்டார். பழத்தைக் கடிப்பார், பாகை நக்குவார், அப்படியே என் அடுப்படிக்கு வந்து ரசத்தை உறிஞ்சிவிட்டுக் கண்ணீரோடு போவார். அவரைத்தான் விவசாய மந்திரியாக்கினார்கள். வயலில் இறங்கி நெல்லைக் கடித்த படம் பத்திரிகையில் வந்தது. மந்திரியாகியும் மாறவில்லை!

அதற்குள் நான் ஜெலுத்தோங் பாசாரில், அதாவது சந்தையில், காய்கறிக் கடை போட்டிருந்தேன். வாசலோர இடம். எட்டு வயிறும் அதை நம்பித்தான். மந்திரி பாசாருக்கு வருகிறார் என்றதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. “என்னப் பாத்தா நின்னு பேசுவாரு” என்றேன்.

பக்கத்து மீன்காரி சிரித்தாள். “அவரு என்ன உங்க சம்பந்தியாக்கா? உங்கள எங்க ஞாபகம் இருக்கப்போவுது லா!”

“தெரியலேன்னா இந்த எடத்த நீயே எடுத்துக்க!”

சொன்ன பிறகுதான் அந்த எட்டு வயிறும் ஞாபகம் வந்தது.

விவசாய மந்திரிக்குப் பூமாலை எதற்கு? வெண்டைக்காய், கத்தரிப்பிஞ்சு, நடுநடுவே பச்சை மிளகாய் கோத்து மாலை கட்டினேன்.

“மொளகா மாலையா? திருஷ்டி கழிக்க மந்திரிய கட வாசல்ல தொங்கவிடப் போறீங்களாக்கா?”

மந்திரி வந்தார். மாலை போட்டேன். சிரித்தார், நன்றி சொன்னார், நடந்துவிட்டார். மீன்காரி அப்போதே மீன் தட்டைத் தூக்கி என் பக்கம் நகர்த்தினாள்.

போகிற போக்கில் மனுஷன் மாலையிலிருந்து ஒரு மிளகாயைப் பிடுங்கிக் கடித்தாரே பார்க்கணும்! முகம் தக்காளியாகிவிட்டது. இருமல். போலீஸ்காரர்கள் ஓடிவந்தார்கள். அவர் எல்லாரையும் விலக்கிவிட்டு, கண்ணில் நீர் வழியத் திரும்பி என்னைப் பார்த்துக் கத்தினார்:

“அக்கா! ரசம்!”

அவருக்குத் தெரிந்த தமிழே அவ்வளவுதான். பாசாரே கைதட்டியது. நான் வெண்டைக்காய்க் கூடைமேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு பதவி போய், அவர் அன்னாசி டின் தொழிலுக்கே திரும்பினார். மந்திரியாக என்ன சாதித்தார் என்பதைப் படித்தவர்கள் பேசட்டும். என் இடம் என்னிடமே இருந்தது.

மீன்காரி இப்போது எங்கள் ஃபிளாட்டில் எதிர்வீடு. எழுதி முடித்தாச்சு. பேத்தி, இங்கே வாம்மா. அந்த “அக்கா! ரசம்!” வருகிற இடத்தை வாசி. கதவைத் திறந்துவைத்துவிட்டு, சத்தமாக.