ஆளுக்கொரு கால்சியம் மாத்திரை

என் வீட்டுக்காரி தேவகிருபை ராஜபாளையத்துல மில்லு வேலை பார்த்து ரிட்டயரானவ. தனக்குன்னு எதுவும் கேக்க மாட்டா. அடுத்தவுக குடுத்தா வேண்டாம்னும் சொல்ல மாட்டா. அந்தக் குணந்தான் எனக்கு எரிச்சல்.

போன வருசம் முழங்கால் வலிக்குதுன்னு வாய்தவறிச் சொல்லிட்டா. வெளியூர்ல இருக்கிற பிள்ளைக மெல்வின், எலினா, எப்சி மூணு பேரும் ஆளுக்கொரு கால்சியம் மாத்திரை அனுப்ப ஆரம்பிச்சிட்டாக. ஒருத்தர் மனசும் நோகக் கூடாதுன்னு இவ அம்புட்டையும் முழுங்கினா.

பொறவு ஓயாத தாகம், அசதி. சுகர் கூடிட்டுன்னு நினைச்சு நான் அவ சோத்தைக் குறைச்சேன். ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் ரத்தத்தை டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டு என்னைய ஏசினாரு.

"சுகர் அளவாத்தான் இருக்கு. ரத்தத்துல கால்சியந்தான் கூடிக் கெடக்கு. இனிமே ஒரு கால்சியம் மாத்திரையும் போடக் கூடாது."

"வயசானவளுக்குப் போயி கால்சியம் கூடுமாக்கும்?"னு பக்கத்து வீட்டுல சிரிச்சாக. அவுக கெடக்கட்டும். பிள்ளைகளுக்குத் தனித்தனியா போன் போட்டு விவரத்தைச் சொன்னேன். மூணும் பேசி வச்ச மாதிரி ஒரே பதில்:

"நான் அனுப்புறது நல்ல மாத்திரைப்பா. மத்த ரெண்டையும் நிறுத்தச் சொல்லுங்க."