மேலோட்டுக்கு அடியில்

ஹோட்டல் சமையலறையில் அவளை மொறுமொறு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கிராத்தான் என்கிற பிரெஞ்சுச் சமாச்சாரத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. பரிமாறுகிறவர்கள் அந்தச் சொல்லுக்குச் சீஸ் என்றே அர்த்தம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். சீஸும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. சட்டியில் ஒட்டியதைச் சுரண்டுவதிலிருந்து வந்த பேர் அது, அடியில் எதைப் போட்டாலும் மேலே ரொட்டித்தூளோ சீஸோ சிவந்து ஓடு கட்டினால்தான் கிராத்தான் என்று எரிந்து விழுவாள்.

அந்த வேலையை அவளே கேட்டு வாங்கியதற்கு வேறு காரணம் இருந்தது. போன வருடம் வந்த காய்ச்சலோடு அவளுக்கு வாசனை தெரியாமல் போய்விட்டது. ஓடு சிவப்பதையாவது கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று வீட்டில்கூட மூச்சு விடவில்லை.

அன்று மதிய விருந்து அவள் மகளின் அலுவலகத்துக்காரர்களுக்கு. மகளே சொல்லி ஏற்பாடு செய்தது. காலையில் வந்து பார்த்தால் ஃபிரிட்ஜ் கதவு ஒரு விரல் அளவு திறந்து கிடந்தது. உள்ளே முந்தின நாள் வாங்கிய மீன். தொட்டுப் பார்த்தாள், சில்லென்று இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. யாரையாவது முகரச் சொன்னால் குட்டு உடைந்துவிடும். மீன்மேல் உருளைக்கிழங்கை அடுக்கி, கிரீம் ஊற்றி, சீஸ் தூவி, நான்கு டிரேக்களை ஓவனுக்குள் தள்ளினாள்.

இரண்டு டிரே கூடத்துக்குப் போன பிறகும் மனசு ஆறவில்லை. பரிமாறுகிறவனைக் கூப்பிட்டு, மிச்சத்தைக் காட்டி, வாசனை எப்படி என்று கேட்டாள். ஆளைத் தூக்குகிறது என்றான். அது வறுபட்ட சீஸின் வாசனை. பாவி, இப்போதுதான் புத்தி வந்ததா என்று தன்னையே திட்டிக்கொண்டு கரண்டியால் ஓட்டைக் குத்திப் பிளந்தாள்.

"இப்பப் பாருப்பா."

குனிந்தவன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். "என்னக்கா இது, உங்களுக்குத் தெரியலையா?"

கையைக்கூடத் துடைக்காமல் ஓடினாள். கூடத்தில் அப்போதுதான் ஒவ்வொருவராக வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"யாரும் சாப்பிடாதீங்க. மீன் கெட்டுப்போச்சு. எனக்கு வாசனை தெரியாது, ஒரு வருஷமா மறைச்சிட்டேன்."

கரண்டிகள் நின்றன. வாசலில் முதலாளி நிற்பதைப் பார்த்தாள். அவரைப் பற்றி நினைக்க நேரமில்லை. அம்மா சமையல் என்று முதலில் மகளுக்குத்தான் வைத்திருந்தார்கள். அவள் தட்டு வழித்துத் துடைத்த மாதிரி இருந்தது.

மகள் வெளிறிப்போய் எழுந்தாள். "ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சும்மா. உன்னை யாரும் குறை சொல்லிடக் கூடாதேன்னு முழுசும் சாப்பிட்டேன்."