அண்ணன் வீட்டு மேற்குச் சுவர்

கல்ஃபில் பதினோரு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்தவன் நான். ஒரு வீட்டுக்குள் சூடு எந்த வழியாக நுழையும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மின்வெட்டு உயிரை எடுத்துக்கொண்டிருந்த 2012இல், என் பங்குக்கு வந்த பழைய வீட்டைக் கரண்டை நம்பாத வீடாக மாற்றிக் கட்டத் தொடங்கினேன். மொட்டைமாடி முழுக்க வெள்ளை ஓடு பதித்தேன். மேற்கே நுழையும் காற்று கிழக்கு ஜன்னல் வழியாக வெளியேறும்படி வழி வைத்தேன்.

கிழக்கே அண்ணன் வீடு. என் புது ஜன்னலைத் திறந்தால் மேற்கூரையில்லாத அவர்களுடைய குளியலறை நேராகத் தெரிந்தது. அண்ணன் மனைவி, என் மைனி குளிக்கிற இடம். அண்ணன் மதிலை என் ஜன்னலுக்கு மேலே உயர்த்திவிட்டான். அவன் செய்தது நியாயம்தான். ஆனால் என் காற்று நின்றுபோனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மதிலை ஒட்டி என் பக்கத்தில் பெரிய அயனி மரம் ஒன்று நின்றது. மத்தியானத்துக்கு மேல் அதன் நிழல் முழுவதும் அண்ணன் வீட்டு மேற்குச் சுவரில் விழும். அந்த நிழல் இருக்கும்வரை உள்ளே ஃபேன்கூட வேண்டாம். அந்த அறையில்தான் வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன அம்மா மூன்று வருடமாகப் படுத்திருந்தாள். இதை மறந்துபோய்த்தான் அடுத்ததைச் செய்தேன் என்று சொன்னால் பொய்.

கதவுக்கும் ஜன்னலுக்கும் அயனியையே அறுத்துவிடலாம் என்று ஆசாரியிடம் சொன்னேன்.

“அண்ணன் வீட்டுக்கு நெழலு போயிருமே?”

“நெழலுக்குப் பட்டா வச்சிருக்கானா அவன்?”

ஆசாரி சிரித்தார். நல்ல பதில் சொல்லிவிட்டதாக எனக்கும் பெருமை.

மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டு, அண்ணன் சண்டைக்கு வருவான் என்று காத்திருந்தேன். பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவன் வரவேயில்லை. மத்தியானம் கரண்ட் போனதும் மதிலுக்கு அந்தப் பக்கம் பனையோலை விசிறிச் சத்தம் கேட்கும். நன்றாக விசிறட்டும், கை கழன்று விழட்டும் என்று நினைத்துக்கொள்வேன். ஒரு மாதம் இப்படிப் போனது.

ஒருநாள் என் மனைவி சொன்னாள். “அத்தைக்கு முதுகெல்லாம் வெந்து புண்ணாயிட்டாம். நீங்க மனுசன்தானா?”

போனேன். அந்தச் சுவரில் கை வைத்தேன். தோசைக்கல் மாதிரி இருந்தது. அண்ணன் கட்டிலருகே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தான். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அம்மாதான் பார்த்தாள்.

“மக்களே, காத்துல மரம் விழுந்துட்டாமே! அண்ணன் சொன்னான். நீ வீட்டு வேலைன்னு அங்கதான நிப்ப? அடியொண்ணும் படல்லியே?”

“படல்லம்மா.”

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து, அசைகிற ஒரே கையால் என் தலை, தோள், முழங்கை என்று தடவிப் பார்த்தாள். வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. எழுந்து ஓடவும் முடியவில்லை.

“நல்லா தடவிப் பாரும்மா,” என்றான் அண்ணன், விசிறியை நிறுத்தாமல்.

அவள் மறுபடியும் தலையிலிருந்து தொடங்கினாள்.